46 சைஸுக்கு லேஸ் கவுன்: எதைப் பார்த்து எடுப்பது, எப்படித் தைக்கக் கொடுப்பது?

கேள்வி: மே மாதம் தூத்துக்குடியில் அண்ணன் கல்யாணம். காலையில் சர்ச், சாயங்காலம் ரிசப்ஷன். எனக்கு லேஸ் கவுன் போட ரொம்ப நாள் ஆசை. மார்பு 46 அங்குலம், இடுப்பு 42, ஹிப் 52. கடையில் கேட்டால் “உங்க சைஸுக்கு வராதுக்கா” என்று முடித்துவிடுகிறார்கள். ஆன்லைனில் வாங்கலாமா, தைக்கக் கொடுக்கலாமா? என்ன லேஸ், என்ன மாடல்? அம்மா “பேசாம புடவையக் கட்டு” என்கிறார்.

பதில்:

தாராளமாகப் போடலாம். நான் நாகர்கோவிலில் கல்யாண உடுப்புகள் தைக்கிற யூனிட் நடத்துகிறேன். 42க்கு மேல், 50க்கு மேல் என்று எல்லா அளவிலும் லேஸ் தைத்துப் போட்டிருக்கிறோம். “வராது” என்று கடைக்காரர் சொல்வது அவர் ரேக்கில் இருக்கிற உடுப்பைப் பற்றி. உங்கள் உடம்பைப் பற்றி அல்ல.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். லேஸ் கவுன் என்றால் உண்மையில் இரண்டு உடுப்பு. உள்ளே லைனிங், வெளியே லேஸ். உடம்பில் உட்காருவது, தாங்குவது, வடிவம் காட்டுவது எல்லாமே லைனிங்தான். ஆனால் கடையில் எல்லோரும் லேஸைத்தான் தடவிப் பார்க்கிறார்கள், உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறவர்கள் குறைவு. 34 சைஸில் லைனிங் சுமாராக இருந்தாலும் ஒப்பேறிவிடும். 46இல் ஒப்பேறாது. லைனிங் மெலிசாக இருந்தால் வயிற்று மடிப்பு, உள்ளாடையின் கோடு எல்லாம் லேஸ் வழியாகத் தெரியும். லைனிங் இறுக்கமாக இருந்தால் உட்காரும்போது முதலில் பிரிவது அதன் தையல்தான், அடுத்தது லேஸ் கிழியும். அதனால் எனக்கு உங்கள் கவுனைத் தைக்கிற வேலை வந்தால், லேஸை ஓரமாக வைத்துவிட்டு லைனிங்கில் இருந்துதான் ஆரம்பிப்பேன்.

மே மாதத் தூத்துக்குடியை நினைத்துப் பாருங்கள். வெயிலோடு கடற்கரை ஈரப்பதமும் சேரும். ரெடிமேட் கவுன்களில் பெரும்பாலும் பாலியெஸ்டர் சாட்டின் லைனிங் இருக்கும். பளபளவென்று இருக்கும், வியர்வையை ஒரு சொட்டுகூட உறிஞ்சாது. காலை ஆராதனை முடிவதற்குள் முதுகில் ஒட்டிவிடும். சரி, முழுக்கக் காட்டன் போட்டுவிடலாமா என்றால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. காட்டன் சொரசொரப்பானது, கீழ்ப்பாகத்தில் போட்டால் நடக்கும்போது லேஸையும் காலையும் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். இரண்டு அடிக்கு ஒரு தடவை இழுத்துவிட்டுக்கொண்டே நடக்க வேண்டியிருக்கும். நாங்கள் செய்வது இதுதான்: இடுப்புக்கு மேலே நல்ல கெட்டிக் காட்டன் லைனிங், இடுப்புக்குக் கீழே வழுக்கலான விஸ்கோஸ் கிரேப். மேலே வியர்வை இழுக்கும், கீழே துணி வழுக்கி இறங்கும்.

தைக்கிற முறையும் இரண்டு இடத்தில் இரண்டு விதம். இடுப்புக்கு மேலே லேஸையும் லைனிங்கையும் சேர்த்து வைத்து ஒரே துணி போல அடிக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் டார்ட்டும் (உடம்பின் வளைவுக்காகத் துணியை மடித்துப் பிடிக்கிற தையல்) தையல் மார்ஜினும் லேஸின் துளைகள் வழியாகக் கறுப்புக் கோடாகத் தெரியாது. கீழே மட்டும் லைனிங் தனியாகத் தொங்க வேண்டும், லேஸைவிட ஒரு அங்குலம் குட்டையாக. அங்கே சேர்த்து அடித்தால் இரண்டும் வேறு வேறு அளவுக்கு இறங்கி, ஓரத்தில் சுருக்கம் விழும்.

லைனிங்கின் நிறத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையக் கவுன்கள் இதில்தான் கெட்டுப்போகின்றன. கையிலும் கழுத்துக்குக் கீழேயும் தோல் தெரிவது போல இருக்க வேண்டும் என்று கேட்டால், கடையில் ‘ஸ்கின் கலர்’ என்று ஒரு பீச் நிறத் துணியை எடுத்துப் போடுவார்கள். அது யாருடைய ஸ்கின் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை, நம்மூரில் பெரும்பாலானோருடையது இல்லை. மாநிறத்தின் மேல் அதைப் போட்டால் கை முழுக்கக் கட்டுப் போட்டது போல இருக்கும். மேட்சிங் சென்டரில் பழுப்பு, பிஸ்கட், டீ, காபி என்று ஏழெட்டு ஷேடுகளைக் கேட்டு வாங்கி, வெளியே வெளிச்சத்துக்கு வந்து, முழங்கைக்கு உள்பக்கம் லைனிங்கையும் அதன் மேல் லேஸையும் வைத்துப் பாருங்கள். பிறகு அதே இடத்தில் போன் ஃபிளாஷ் போட்டு ஒரு படம். கண்ணுக்குச் சரியாகத் தெரிவது ஃபிளாஷில் வெளுத்துத் தெரியும். கல்யாணத்தில் உங்களை அதிகம் பார்க்கப்போவது கேமராதானே.

இனி லேஸ். கடையில் சொல்லும் பெயர்கள் ஊருக்கு ஊர் மாறும். தொட்டுப் பார்த்தே பிரித்துவிடலாம்.

மெல்லிய நெட்டில் பூவும் இலையும் பின்னி, ஓரங்களில் மட்டும் கொஞ்சம் தடித்த நூல் ஓடினால் அது சாண்டிலி வகை. பிரான்சில் உள்ள ஊரின் பெயர் அது. இன்று நம் கடைகளில் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் இயந்திரத்தில் பின்னிய நைலான்தான். ஆனாலும் நல்ல துணி. எடை இல்லை, அழகாக விழும், கைக்கும் கீழ்ப்பாகத்துக்கும் இதைவிட நல்லது கிடையாது. பலவீனம் என்னவென்றால், இழுவிசை தாங்காது. மார்பிலும் முதுகிலும் இதை மட்டும் நம்பக் கூடாது.

நெட்டே இல்லாமல், நூலாலேயே பூக்கள் கோர்த்தது போலக் கனமாக இருந்தால் அதைக் கடைக்காரர்கள் ஜிபிஓ லேஸ் அல்லது கெமிக்கல் லேஸ் என்பார்கள். கிப்யூர் என்பது அதன் பிரெஞ்சுப் பெயர். ஒரு துணியின் மேல் இயந்திரத்தில் எம்பிராய்டரி போட்டு, அடித்துணியை மட்டும் கரைத்துவிடுவார்கள், மிஞ்சுவது நூல் வேலை. இது நீளவே நீளாது, ஆனால் கட்டுக்கோப்பாக நிற்கும். பருமனான உடம்பின் மேல்பாகத்துக்கு எனக்குப் பிடித்தது இதுதான். அது உடம்பின் ஒவ்வொரு வளைவையும் ஒட்டிப் போகாமல் தன் வடிவத்தைத் தானே வைத்துக்கொள்ளும். கால்வரைக்கும் ஜிபிஓ போடச் சொல்லி வருகிறவர்களை மட்டும் நான் தடுப்பேன். 5 மீட்டர் ஜிபிஓவைத் தோளில் சுமந்துகொண்டு ரிசப்ஷன் மேடையில் மூன்று மணி நேரம் நிற்பது சாதாரண விஷயம் இல்லை.

நெட்டில் எம்பிராய்டரி போட்டு அதன் மேல் கயிறு மாதிரி நூல் ஓட்டினது கார்டிங் லேஸ். கல்யாணப் பெண்ணின் கவுன்களில் அதிகம் பார்க்கலாம். பார்வைக்கு அம்சமாக இருக்கும். ஆனால் கையின் உள்பக்கம் உடம்போடு உரசுகிற இடத்தில் அராவும். மணியும் சீக்வின்ஸும் வைத்தது என்றால் கேட்கவே வேண்டாம். நல்ல தையல்காரர் அக்குளைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்கு மணிகளை எடுத்துவிட்டுத்தான் தைப்பார். நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

ஸ்ட்ரெச் லேஸ் பற்றிக் கேட்பீர்கள். சௌகரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் நீளுகிற துணி உடம்பை அப்படியே படம் எடுத்துக் காட்டும். உள்ளே நீளாத லைனிங் போட்டால் நீளுவதன் பலனே போய்விடும், நீளும் லைனிங் போட்டால் தாங்குவதற்கு எதுவும் இருக்காது. வீட்டு விசேஷம், பிறந்தநாள் என்றால் சரி. நாள் முழுக்க நிற்கிற கல்யாணத்துக்கு வேண்டாம்.

எந்த லேஸ் எடுத்தாலும் பூவின் அளவைப் பாருங்கள். குண்டானவர்கள் சின்னச் சின்ன டிசைன்தான் போட வேண்டும் என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு ரூபாய் நாணயம் அளவுப் பூக்கள் 52 அங்குல ஹிப்பில் நூற்றுக்கணக்கில் நெருங்கி வரும்போது, தள்ளி நின்று பார்த்தால் வெறும் சொரசொரப்பாகத்தான் தெரியும், பூ தெரியாது. உள்ளங்கை அளவுப் பூக்கள், நடுவில் கொஞ்சம் வெற்று நெட் என்று இருந்தால் உங்கள் உயரத்துக்கும் அகலத்துக்கும் பொருத்தமாக இருக்கும். கவனிக்க வேண்டியது பூ எங்கே விழுகிறது என்பதை. வட்டப் பூ ஒன்று மார்பின் முனையில் சரியாக உட்கார்ந்துவிட்டால் பார்க்கிறவர் கண் வேறு எங்கும் போகாது. அதிலும் ஒரு பக்கம் முழுப் பூ, மறுபக்கம் பாதிப் பூ என்றால் இன்னும் மோசம். வெட்டுவதற்கு முன்னால் கண்ணாடி முன் நின்று, லேஸை மேலே போட்டு, மார்பு முனை இரண்டையும் குண்டூசியால் குறித்துக்கொண்டு, துணியை மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். இரண்டு பூக்களுக்கு நடுவில் இருக்கிற கொடி அந்த இடத்தில் வந்தால் அருமை. இதற்காகத்தான் லேஸை அரை மீட்டர், ஒரு மீட்டர் கூடுதலாக எடுக்கச் சொல்வது. 44 அங்குல அகலத்தில் கால்வரைக்கும், கை வைத்து, உங்கள் அளவுக்கு 5 மீட்டராவது வேண்டும். அதற்கு மேல் இந்தக் கூடுதல்.

இந்த இடத்தில் ஊர்ப் பெருமை கொஞ்சம். தென்கோடியில் லேஸ் நேற்று வந்த சங்கதி இல்லை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே லண்டன் மிஷன் பாதிரியார் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா இங்கே நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா 1844இல் கால்டுவெல்லைக் கட்டிக்கொண்டு இடையன்குடிக்குப் போனார், அங்கேயும் லேஸ் போனது. திண்டின் மேல் ஊசி குத்தி, நூல் சுற்றிய சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற வேலை அது. கையால் அப்படிப் பின்னுவது குறுகலான ஓரப் பட்டைகள்தான், முழுக் கவுனுக்கு ஆகாது. ஆனால் வீட்டில் பாட்டி வைத்திருந்த பட்டை ஏதாவது பெட்டியில் கிடந்தால், கை முனையிலோ கழுத்திலோ வைத்துத் தைக்கலாம். இயந்திர லேஸ் எதுவும் அதன் பக்கத்தில் நிற்காது.

சரி, அளவுக்கு வருவோம். கஷ்டமே இங்கேதான்.

46 மார்பு என்றதும் பல தையல்காரர்கள் செய்வது என்ன? 36க்கு வைத்திருக்கிற கட்டிங்கை எல்லாப் பக்கமும் அதே விகிதத்தில் பெரிதாக்கிவிடுவார்கள். மார்பு சரியாக வரும், ஆனால் தோளும் கழுத்தும் சேர்ந்து அகலமாகிவிடும். தோள் நழுவி இறங்கும், கழுத்து வாய் பிளந்து நிற்கும், அக்குளில் துணி குவியும். ரெடிமேடிலும் இதே கதைதான். எலும்பு யாருக்கும் விகிதப்படி வளர்வதில்லையே. உங்களுக்கு அக்குளுக்கு அடியில், மார்புக்கு மேலாக டேப்பைச் சுற்றினால் 41 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தோள், கழுத்து, கைக்குழி எல்லாம் அந்த 41க்கு வெட்ட வேண்டும். மிச்சம் 5 அங்குலத்தை முன்பக்கத்தில் மட்டும், பிரின்சஸ் கட் (மார்பு வழியாக இடுப்புவரை இறங்கும் நீளத் தையல்) வைத்தோ பெரிய டார்ட்டிலோ கொடுக்க வேண்டும். தைக்கக் கொடுக்கப் போகும்போது இந்த மேல்மார்பு அளவை அவர் எடுக்கிறாரா என்று பாருங்கள். எடுக்கவில்லை என்றால் நீங்களே “இதையும் எழுதிக்குங்க” என்று சொல்லுங்கள். முதுகு அகலத்தைத் தனியாக எடுக்கிறவர் என்றால் இன்னும் நம்பலாம்.

ஹிப்பை நின்று ஒரு தடவை, உட்கார்ந்து ஒரு தடவை எடுக்க வேண்டும். உட்காரும்போது ஒன்றிரண்டு அங்குலம் கூடும். லேஸ் அந்தக் கூடுதலுக்கு நீண்டு கொடுக்காது. மேல்கையை முழங்கையை மடக்கி வைத்து எடுங்கள், அதற்கு மேல் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் லூஸ் விட வேண்டும். அப்புறம் எல்லா அளவையும் அன்றைக்குப் போடப்போகிற உள்ளாடையோடு எடுக்க வேண்டும். வேறு பிரா போட்டால் மார்பு முனை ஒரு அங்குலம் மேலோ கீழோ போய்விடும், டார்ட் முழுக்க இடம் மாறிவிடும். ரெடிமேட் கப் வைத்துத் தைத்தால் பிரா வேண்டாம் என்று சொல்வார்கள். 46க்கு அந்தக் கப் அலங்காரம் மட்டும்தான், தாங்காது. உங்கள் பிராவையே போடுங்கள், பட்டை மறைகிற மாதிரி கழுத்தை வெட்டச் சொல்லுங்கள்.

கைக்குழியில் எல்லோருக்கும் ஒரு தப்பான நம்பிக்கை இருக்கிறது. கை பெரிதாக இருக்கிறது, அதனால் கைக்குழியை இறக்கி வெட்டினால் சௌகரியமாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. குழி இறங்க இறங்க, கையைத் தூக்கும்போது மொத்த உடுப்பும் சேர்ந்து தூக்கிக்கொள்ளும், லேஸ் கிழிகிற இடமும் அதுதான். குழி அக்குளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், கை மட்டும் அகலமாக இருக்க வேண்டும். அக்குளில் ஒரு சின்ன டைமண்ட் துண்டு வைத்துத் தைத்தால் இன்னும் நல்லது. ஃபோட்டோவுக்குக் கை உயர்த்தவும் சொந்தக்காரர்களைக் கட்டிப்பிடிக்கவும் அந்தத் துண்டுதான் கை கொடுக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, லேஸில் நேரடியாகக் கத்தரி வைக்காதீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. முதலில் காடாத் துணியில் மேல்பாகத்தை மட்டும் ஒரு மாதிரி தைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். அடுத்து லைனிங், கடைசியில்தான் லேஸ். “அதெல்லாம் எதுக்கு, எனக்குக் கண்ணளவே போதும்” என்கிற தையல்காரரிடம் பிளவுஸ் கொடுங்கள், லேஸ் கவுன் கொடுக்காதீர்கள்.

மாடலைப் பொறுத்தவரை உங்கள் அளவுக்கு ஏ லைன்தான், அதாவது இடுப்பில் இருந்து கீழே A எழுத்து போல விரிவதுதான், என் முதல் தேர்வு. 42க்கும் 52க்கும் நடுவில் 10 அங்குல வித்தியாசம் இருக்கிறது, இடுப்பு தெரிகிற உடம்பு. அதை மூடி மறைத்து நைட்டி மாதிரி தைத்தால் உள்ளதைவிடப் பெரிதாகத்தான் தெரிவீர்கள். மேலே ஜிபிஓ, இயற்கையான இடுப்பில் ஒரு வெட்டு, கீழே சாண்டிலி ஏ லைனாக விரிந்து தரையைத் தொடாமல் அரை அங்குலம் மேலே. கழுத்துக்கு ஒரு யோசனை: லைனிங்கை மட்டும் வி வடிவத்தில் இறக்கி வெட்டி, லேஸைக் கழுத்து எலும்புவரை கொண்டுபோகச் சொல்லுங்கள். பார்வைக்குக் கழுத்து நீளமாகத் தெரியும், சர்ச்சில் யாரும் முகம் சுளிக்கவும் மாட்டார்கள். கை முக்கால் நீளம், லைனிங் இல்லாமல் லேஸ் மட்டும். மேல்கையை முழுக்க மூடி மறைக்க வேண்டும் என்று தோன்றினால் உள்ளே மெல்லிய நெட் ஒன்று போதும். முதுகில் ஜிப்புக்குப் பதில் கயிறு கட்டுகிற மாதிரி வைத்தால் மூன்று அங்குலம்வரை கூட்டிக் குறைக்கலாம். அளவு எடுத்ததற்கும் கல்யாணத்துக்கும் நடுவில் உடம்பு கொஞ்சம் ஏறலாம், இறங்கலாம், மாதவிடாய் நாளில் வயிறு உப்பலாம். கயிறு எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கும். கயிற்றின் அடியில் ஒரு துணிப்பட்டை கண்டிப்பாக வேண்டும்.

மெர்மெய்ட் மாடல் கூடாது என்று சொல்ல மாட்டேன், அழகாகவே இருக்கும். ஆனால் முழங்காலில் இறுகுகிற உடுப்பைப் போட்டுக்கொண்டு சர்ச்சில் முழங்கால் போட்டு எழுந்து பாருங்கள், நான் சொல்ல வருவது புரியும். இடுப்பில் கூடுதல் ஜாலர் வைக்கிற பெப்லம் உங்களுக்குத் தேவையே இல்லை. உள்ளே கான்கான் நெட் வைத்துக் குடை மாதிரி விரிப்பதும் வேண்டாம். ஹிப் ஏற்கெனவே அந்த வேலையைச் செய்கிறது, கான்கான் வெக்கையைத்தான் கூட்டும்.

கனம் பற்றி ஒரு வார்த்தை. மேல்பாகத்தின் உள்ளே, இடுப்பைச் சுற்றி, ஒரு அங்குல அகலத்தில் கெட்டியான பட்டி ஒன்றைத் தைத்து ஹூக் வைக்கச் சொல்லுங்கள். கவுனுக்குள் ஒரு பெல்ட் போல. கீழ்ப்பாகத்தின் எடை தோளில் தொங்காமல் இடுப்பில் நிற்கும். வெளிநாட்டுக் கல்யாணக் கவுன்களில் வழக்கமாக இருக்கிற விஷயம் இது, இங்கே கேட்டால்தான் செய்வார்கள். ஷேப்வேரை நான் வற்புறுத்த மாட்டேன். மே மாதத்தில் அதைப் போட்டுக்கொண்டு பந்தியில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட முடியாது. தொடை உரசாமல் இருக்க மெல்லிய காட்டன் சைக்கிளிங் ஷார்ட்ஸ் மட்டும் போதும்.

ஆன்லைனில் வாங்குவது? முடியாது என்றில்லை, ஆனால் இரண்டு விஷயம் தெரிந்து வாங்குங்கள். சைஸ் எண்ணை நம்பாதீர்கள். அமெரிக்க 16 என்பது பிரிட்டிஷ் கணக்கில் ஏறக்குறைய 20. நம்மூர் 3XL கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அளவு அட்டவணையில் போட்டிருப்பது உடம்பின் அளவா, உடுப்பின் அளவா என்று பாருங்கள். உடுப்பின் அளவு மார்பில் 48 அல்லது 49 இருந்தால்தான் உங்களுக்கு ஆகும். மேல்கை அளவு போடாத கடையில் லேஸ் வாங்க வேண்டாம், கேட்டு வாங்குங்கள். அடுத்தது, ரெடிமேடைப் பிடித்துச் சிறிதாக்க முடியும், பிரித்துப் பெரிதாக்க முடியாது. உள்ளே ஓவர்லாக் அடித்து ஒரு சென்டிமீட்டர்தான் விட்டிருப்பார்கள். அதனால் மார்புக்கும் கைக்கும் சரியாக இருக்கிற சைஸை எடுத்து, தோளையும் இடுப்பையும் நம்மூர்த் தையல்காரரிடம் பிடித்துக்கொள்வதுதான் வழி. ஏ லைன் என்றால் ஹிப் அளவைப் பற்றிக் கவலை இல்லை. திருப்பி அனுப்ப வசதி இல்லாத இடத்தில், அதுவும் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஆர்டர் போடாதீர்கள். தைக்கக் கொடுத்தால் பக்கவாட்டிலும் முதுகிலும் ஒரு அங்குல மார்ஜின் விடச் சொல்லுங்கள். பூக்களைச் சுற்றி வெட்டி ஒன்றின் மேல் ஒன்று ஒட்டித் தைத்தால் தையலே தெரியாமல் அழகாக இருக்கும், ஆனால் அந்தத் தையலைப் பிறகு பிரித்து விட முடியாது. அந்த நுணுக்கத்தைத் தோளிலும் முன்பக்கத்திலும் வைத்துக்கொள்ளட்டும், பக்கவாட்டில் சாதாரணத் தையலே இருக்கட்டும்.

நிறத்துக்கு ஒரே ஒரு விலக்குதான்: வெள்ளை, ஐவரி, கிரீம். 1840இல் விக்டோரியா ராணி ஹானிட்டன் லேஸ் வைத்த வெள்ளை உடுப்பில் கல்யாணம் செய்தார், அதில் இருந்து பரவிய வழக்கம் நம் சர்ச்சுகள்வரைக்கும் வந்துவிட்டது. அன்றைக்கு அது அண்ணியின் நிறம். மற்றபடி எது வேண்டுமானாலும். குண்டானவர்களுக்குக் கறுப்பு என்ற சட்டம் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. மரகதப் பச்சை, ஒயின், மயில் நீலம், தூசி படிந்த ரோஜா நிறம் எல்லாம் லேஸில் எடுப்பாக இருக்கும். லேஸும் லைனிங்கும் ஒரே நிறமாக இருந்தால் தலை முதல் கால்வரை ஒரே ஓட்டமாகத் தெரியும். கறுப்பு லேஸுக்குப் பிஸ்கட் லைனிங் மாதிரி எதிர் நிறம் வைத்தால் லேஸ் டிசைன் தூக்கலாகத் தெரியும், கூடவே ஒவ்வொரு தையலும் தெரியும். தையல்காரர் மேல் முழு நம்பிக்கை இருந்தால் மட்டும் அதற்குப் போங்கள்.

அம்மாவுக்கும் ஒரு வழி இருக்கிறது. காலையில் சர்ச்சுக்குப் புடவை கட்டுங்கள், மிஞ்சுகிற லேஸில் அதற்கு பிளவுஸ் தைத்துவிடலாம். சாயங்காலம் கவுன். அவர் சொன்னதும் நடக்கும், வெயில் நேரத்தில் கவுனுக்குள் வேக வேண்டியதும் இருக்காது. இல்லை, இரண்டுக்கும் கவுன்தான் என்று நீங்கள் நின்றால் அதுவும் சரி.

துணியை இப்போதே எடுத்துவிடுங்கள். நல்ல தையல்காரர்களிடம் சீசனில் இடம் கிடைக்காது. கல்யாணத்துக்கு ஆறு வாரம் முன்னால் காடா மாதிரி, மூன்று வாரம் முன்னால் லைனிங்கோடு ட்ரையல், பத்து நாள் முன்னால் கடைசி ட்ரையல். கடைசி ட்ரையலுக்குச் செருப்பு, உள்ளாடை, வளையல், கைப்பை எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். செயின் வைத்த கைப்பையும் கல் வைத்த வளையலும் லேஸில் மாட்டுகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். நாற்காலியில் உட்காருங்கள், கையைத் தூக்குங்கள், முழங்கால் போட்டு எழுந்திருங்கள், கூட வந்தவரைக் கட்டிப்பிடியுங்கள். எங்கேயாவது ‘டிக்’ என்று சத்தம் கேட்டால் கவுனைக் கழற்றித் தையல்காரர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள், வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். அயர்ன் பண்ணுவது நீங்களாக இருந்தால் உள்பக்கம் திருப்பி, மேலே காட்டன் துணி போட்டு, குறைந்த சூட்டில். நைலான் லேஸ் ஒரு நொடியில் உருகிவிடும்.